வேதாரண்யம் வீடுகளுக்குப் புன்னை நிழல்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. தென்னையும் மாவும் சாய்ந்தன. வருமானம் போனது உடனே தெரிந்தது; வீட்டு நிழல் போனது அடுத்த சித்திரையில்தான் உறைத்தது. நிழலில்லாத தகரக் கூரையின் கீழ் மதியத்தில் கைக்குழந்தையையும் வயதானவர்களையும் படுக்கவைக்க முடியாது.

மணலும் உப்புக்காற்றும் உள்ள இந்த ஊர்களுக்கு ஏற்ற பசுமைமாறா மரம் புன்னை. தடித்த இலை உப்புக்காற்றைத் தாங்கும். கோடையிலும் மொட்டையாக நிற்காது. விதை எண்ணெய் விளக்கெரிக்க உதவும், சாப்பிடக் கூடாது. கொல்லையில் இடமிருந்தால் மகிழமும் ஒன்று வைக்கலாம்.

வீட்டுக்கு மேற்கே, சுவரிலிருந்து 20 அடி தள்ளி நட்டால், மரம் வளர்ந்தபின் பிற்பகல் வெயிலை மறைக்கும். 2 அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, மேல்மண்ணோடு மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்ப வேண்டும். ஐப்பசி மழையில் நட்டால் வேர் பிடிக்கும். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீரும், ஆடு கடிக்காமல் வேலியும் அவசியம்.

புன்னை மெதுவாகத்தான் வளரும். அதுவரை லேசான நிழலுக்குப் பக்கத்தில் முருங்கை வைக்கலாம், கீரைக்கும் ஆகும். ஆனால் புன்னையைத் தள்ளிப்போடாமல் இந்த மழைக்கே நட்டுவிடுவது நல்லது.