வெள்ளை ஏரியும் பள்ளக்காடும்

கடலோடு கலந்தும் கலவாமலும் கிடக்கும் நீர்ப்பரப்பை எமது பகுதியில் களப்பு என்போம். மட்டக்களப்பு என்ற பெயரிலேயே அச்சொல் இருக்கிறது. அக்கரைப்பற்றில் வளர்ந்தவனுக்குக் களப்பு என்றால் இறாலும் சேற்று வாடையும் இடுப்பளவு நீரில் நின்று வலை வீசும் மனிதனும்தான். கடலே எட்டாத இமயத்துக்கு அப்பால், மரமற்ற பாலை நிலத்தில், 4,500 மீற்றர் உயரத்தில் உப்புக் கரிக்கும் நீர்நிலை ஒன்று இருப்பதை நூல்களில் வாசித்திருந்தேன். லடாக்கின் சோ கார் ஏரிக்கரையில் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கை நாவில் வைத்துப் பார்த்த பின்னரே அது முழுதாக மனத்தில் ஏறியது.

லே நகரில் இரண்டு நாள் சும்மா படுத்திருந்து உடலைப் பழக்கிக்கொண்டுதான் புறப்பட்டேன். வழியிலுள்ள தக்லாங் லா கணவாய் 5,328 மீற்றர். எமது பிதுருதலாகலையைப் போல் இரு மடங்குக்கும் அதிகம். அங்கே பத்து அடி நடந்தால் ஐம்பது வயது தன்னை நினைவூட்டும்.

சோ கார் என்றால் வெள்ளை ஏரி. லே நகரின் ஆண்டு மழையே சுமார் 100 மில்லிமீற்றர்தான். எமது மாரியில் ஓரிரு நாளில் கொட்டித் தீர்ந்துவிடும் அளவு. வந்து சேரும் நீர் வெளியேற வழியின்றி ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. சாங்பா இடையர்கள் முன்பு அந்த உப்பை ஆடுகளின் முதுகில் ஏற்றிச் சென்று தானியத்துக்கு மாற்றினார்கள். அருகிலேயே ஸ்டார்ட்சாபுக் என்ற சிறிய நன்னீர் ஏரி. அதன் நீர் பெரிய ஏரிக்குள் வடிந்துவிடுவதால் அது உப்பாகவில்லை. இவ்விரண்டும் 2020இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

கரையோரப் புல்வெளியில் கியாங் எனப்படும் காட்டுக் கழுதைகள் மேய்ந்தன. மன்னார்க் கழுதைகளைப் பார்த்துப் பழகியவர்கள் இவற்றின் செம்பழுப்பு மினுமினுப்பைக் கண்டால் வியப்பார்கள். நீரில் பட்டைத்தலை வாத்துகள். இவை இமயத்தைத் தாண்டிப் பறப்பவை. 7,000 மீற்றருக்கு மேல் பறந்தமை கருவி பொருத்திப் பதிவு செய்யப்பட்டுள்ளது. இவ்வினத்தைத் திருநெல்வேலிக் கூந்தன்குளத்திலும் குளிர்காலத்தில் காணலாம்.

நான் தேடிப் போனது கருங்கழுத்துக் கொக்கை. 1876இல் பிர்ழெவால்ஸ்கி என்ற ரஷ்யர் விபரிக்கும் வரை அறிவியல் அறியாதிருந்த பறவை. கொக்கினங்களுள் கடைசியாக அறியப்பட்டது அதுவே. நன்னீர் ஏரியின் சதுப்பில் ஒரு சோடி நின்றது. ஆளுயரத்துக்குச் சற்றே குறைவு. வழமையாக இரண்டு முட்டை இடும். அந்தச் சோடியிடம் குஞ்சு எதுவும் இல்லை.

காரணத்தைக் கேட்டேன். வண்டி ஓட்டி வந்த இளைஞன் பதில் சொல்லாமல் விரலை நீட்டினான். தூரத்தில் நாய்கள், ஐந்தோ ஆறோ. சுற்றுலாக் கூடாரங்களிலும் படை முகாம்களிலும் கொட்டப்படும் மிச்ச உணவில் பெருகியவை. உல்லாசப் பயணிகளின் பருவம் முடிந்து கூடாரங்கள் சுருட்டப்பட்டாலும் நாய்கள் எஞ்சிவிடுகின்றன. பசித்தால் முட்டையையும் குஞ்சையும் தேடுகின்றன. ஓநாயையும் நரியையும் சமாளித்த பறவைக்கு இது புதிய பகை. நானும் அங்கே ஒரு கூடாரத்தில் உண்டு உறங்கியவன்தான் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

அந்த நாய்களைப் பார்த்தபோது எனக்குப் பள்ளக்காடுதான் நினைவுக்கு வந்தது. அக்கரைப்பற்றிலிருந்து வெகு தூரமில்லை. எமது கரையோர ஊர்களின் குப்பை ஆண்டுக்கணக்கில் காட்டோரத்தில் அங்கே கொட்டப்பட்டது. யானைகள் வந்தன, அழுகிய உணவோடு பொலித்தீனையும் விழுங்கின. எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் மாண்டதாக 2022 ஜனவரியில் வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் எழுதின. உடற்கூற்றாய்வில் வயிற்றினுள் பிளாஸ்திக் கிடந்தது. குப்பையில் பழகிய யானைகள் வயலையும் வீட்டு வேலியையும் விட்டுவைக்கவில்லை. எமது பத்திரிகைகளில் அப்போதெல்லாம் தலைப்பு “யானைகள் அட்டகாசம்” என்றே வரும். குப்பை ஏற்றிய உழவு இயந்திரம் எந்தத் தலைப்பிலும் வந்ததில்லை.

லடாக்கில் நாய்களுக்குக் கருத்தடை செய்யும் முயற்சிகள் நடக்கின்றன. நாய் பெருகும் வேகத்துக்கு அது ஈடுகொடுப்பது கடினம். உணவுக் கழிவை மூடி எடுத்துச் செல்வது அதைவிட மலிவான வேலை. ஆனால் அதற்கு வண்டி வேண்டும், அதைக் கொட்ட இடமும் வேண்டும். பிரச்சினை மறுபடி அந்த இடத்திலேயே வந்து நிற்கிறது.

மாலையில் காற்று எழுந்ததும் கொக்குச் சோடி சதுப்பின் நடுவிலிருந்த திட்டுக்கு நகர்ந்தது. நாய்கள் கரையிலேயே படுத்திருந்தன.