முள் குத்தினால் வீங்குவது யாரால்?

முள் குத்திய இடம் மறுநாள் சிவந்து, வீங்கி, 'விண் விண்' என்று தெறிக்கும். கிருமிதான் இப்படிப் படுத்துகிறது என்று பழி போடுவார்கள். பெரும்பாலும் அது நம் வெள்ளையணுக்களின் வேலை!

1882. இத்தாலியின் மெசினா நகரம். வீட்டில் எல்லோரும் சர்க்கஸுக்குப் போய்விட, ரஷ்ய விலங்கியலாளர் இலியா மெச்னிகாஃப் மட்டும் மைக்ராஸ்கோப்போடு உட்கார்ந்திருந்தார். கண்ணாடிபோல உள்ளே தெரியும் நட்சத்திரமீன் லார்வாவுக்குள் தோட்டத்து ரோஜா முள்ளைச் செருகினார். ராத்திரி தூக்கமே இல்லை. விடிந்ததும் பார்த்தால், முள்ளைச் சுற்றி நகரும் செல்களின் கூட்டம்! ரத்தக்குழாயே இல்லாத ஜீவன் அது. 1908-ல் பால் எர்லிக்கோடு சேர்த்து அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

செல்கள் எழுப்பும் குரல் பிற்பாடுதான் தெரிந்தது. கிருமியின் மேலுறையை அடையாளம் கண்டு விழுங்கும்போதே, வெள்ளையணு டிஎன்எஃப், இன்டர்லூகின்-1 போன்ற புரதங்களை வெளியே விடுகிறது. 'ஆள் வேணும், வாங்க' என்று கூப்பிடுவதுபோலத்தான். பக்கத்து ரத்தக்குழாய்கள் விரிகின்றன. அதனால் சிவப்பு, சூடு. நீர் கசிகிறது, அதனால் வீக்கம். சேதி மூளைவரை போனால் காய்ச்சல். சீழில் கிடப்பவை பெரும்பாலும் சண்டையில் செத்த வெள்ளையணுக்கள், பாவம்.

தொற்றுக்கு எதிரான இந்த எதிர்வினை கட்டுமீறி, உடலின் சொந்த உறுப்புகளையே கெடுத்தால் அது செப்சிஸ். ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்லும். கிளம்பிவிட்ட கூச்சலை நேரடியாக அடக்காது. புண்ணோடு காய்ச்சல், மூச்சிரைப்பு, பேச்சில் குழப்பம் என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.