உப்பு நிலத்தில் எண்ணெய் மரங்கள்

மேற்கு அவுஸ்திரேலியாவின் தலைநகராகிய பேர்த்திலிருந்து தென்கிழக்கே ஏறக்குறைய 190 கிலோமீற்றர் சென்றால் நரோஜின் என்னும் சிற்றூரை அடையலாம். வழி நெடுகிலும் கோதுமை வயல்கள். இடையிடையே வெண்மை படர்ந்த தாழ்நிலங்கள் தோன்றும். மணலோ என மயங்கினேன், உப்பு!

வயலில் உப்பு விளைந்த கதை சிந்திக்கத்தக்கது. ஒரு காலத்தில் இந்நிலமெங்கும் ஆழ வேரோடிய மரங்கள் நின்றன. கோதுமைக்காக அவற்றை அழித்தனர். சில மாதங்களே வாழும் பயிரால் மழைநீர் முழுவதையும் உறிஞ்ச இயலவில்லை. எஞ்சிய நீர் கீழிறங்க, நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது. மண்ணின் ஆழத்தில் நெடுங்காலம் உறங்கிய உப்பும் அதனோடு மேலெழுந்தது.

இதற்கு மருந்தாக 1990-களில் உழவர் பலர் நாடியது 'மல்லி' என்னும் மரத்தை. நம் அடுக்களை மல்லியன்று. அந்நாட்டிற்கே உரிய குட்டையான யூக்கலிப்டஸ் இனங்கள். வயல்களினூடே வரிசை வரிசையாக நட்டனர். சில ஆண்டுகளுக்கொருமுறை அடியோடு வெட்டினாலும், மண்ணுள் கிழங்குபோற் பருத்த அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். இலையை வடித்தால் தைலம் கிடைக்கும். தடிமன் பிடித்த பிள்ளைக்கு நம் தாய்மார் துணியில் தெளித்துக் கொடுக்கும் அதே மணம். கட்டையிலிருந்து கரியும் மின்சாரமும் பெறலாம். மரம் காற்றிலிருந்து ஈர்த்த காபனில் ஒரு பங்கு, வெட்டிய பின்னரும் வேரிலே தங்கும்.

தைலம், கரி, மின்சாரம் ஆகிய மூன்றையும் ஒருங்கே தரும் 1 மெகாவாற் பரீட்சார்த்த ஆலை நரோஜினில் நிறுவப்பட்டு, 2006-ஆம் ஆண்டில் இயக்கிப் பார்க்கப்பட்டது. ஆயினும் அது நிலைக்கவில்லை. மரத்தை வெட்டிச் சுமக்கும் செலவு பெரிது. போதிய மரமின்றி ஆலை பிழையாது. ஆலையின்றி மேலும் மரம் நடத் துணிவாரில்லை.

முதிய உழவர் ஒருவர் தம் வயலைக் காட்டினார். மர வரிசையை அடுத்த கோதுமை மெலிந்திருந்தது; இரண்டும் ஒரே நீருக்குப் போட்டியிடுகின்றன. "நட்டமெனில் பிடுங்கிவிடலாமே, ஐயா?" என்றேன். அவர் விடை கூறாது, தாழ்நிலத்துக்கு அழைத்துச் சென்றார். வெண்ணிற உப்பின் நடுவே பட்டுப்போன மரங்கள் நின்றன.

"என் தந்தையார் காலத்தில் காடு வெட்டுபவனே நல்ல உழவன். அவர் வெட்டினார், நான் நடுகிறேன்" என்றார் மெல்ல.

திரும்பும் வழியில், கையில் வைத்திருந்த இலையொன்றைக் கசக்கி முகர்ந்தேன். தைல மணம் பேர்த் வரை என்னுடன் வந்தது.