அண்மையில் வாசித்தவை

இந்த மாரியில் நான்கு நூல்களை வாசித்து முடித்தேன். இரண்டு, மீள்வாசிப்பு. மற்றைய இரண்டும் வெளிவந்த காலத்திலேயே வாங்கி, வாசிக்க மனந்துணியாமல் அலுமாரியில் வைத்திருந்தவை. விமர்சனம் எழுதுவது என் நோக்கமன்று. மனத்தில் தங்கியதைப் பகிர்கிறேன்.

முதலாவது, கே. டானியலின் 'பஞ்சமர்'. பல்கலைக்கழக நாள்களில் இதை ஒரு போராட்ட நாவலாக மட்டுமே வாசித்தோம். 1966 ஒக்ரோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம், அதன் பின்னான தேநீர்க்கடைப் பிரவேசங்கள், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்த போராட்டம் ஆகியவற்றின் சூடு ஆறாத வேளையில், 1972 இல் வெளிவந்த நூல் இது. அந்தப் போராட்டங்களில் முன்னின்றவர்களுள் டானியலும் ஒருவர். இம்முறை என்னைப் பிடித்துக்கொண்டவை அதன் விளிச்சொற்கள். 'நயினார்', 'நாச்சியார்', 'கமக்காறன்' என்று ஒருவர் மற்றவரை அழைக்கும்போதே காணி யாருடையது, கிணற்றில் வாளி போடும் உரிமை யாருக்கு என்பதெல்லாம் விளங்கிவிடுகின்றன. ஆசிரியர் இடையிடையே குறுக்கிட்டு விளக்கமளிப்பது உண்மைதான். சில பாத்திரங்கள் கொள்கையின் குரலாகவே பேசுகின்றன. இக்குறைகளைச் சொல்லி நூலை ஒதுக்கிய பண்டிதர்களை நான் அறிவேன். அவர்கள் கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை. எங்கள் பத்திரிகைகளில் வரும் 'மணமகன் தேவை' விளம்பரங்களை ஒப்புநோக்கியவர்கள் எவரும் பஞ்சமரைப் பழைய கதை என்று சொல்லத் துணியார்.

டானியல் 1986 இல் தஞ்சாவூரில் காலமானார். அவருடைய கல்லறையும் அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது, டொமினிக் ஜீவாவின் தன்வரலாறான 'எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்'. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தப்பட்டுப் பள்ளியை விட்டு வெளியேறிய சிறுவன், சலூனில் கத்தரிக்கோல் பிடித்த கையாலேயே 1966 இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கி, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். இதழைக் கையில் சுமந்து தெருத்தெருவாக விற்றவர். 2021 இல் மறைந்தார். நூலில் தன்மெச்சல் சற்றுத் தூக்கல். அந்த உழைப்புக்கு அது தகும் என்றே நினைக்கிறேன்.

இனி, தள்ளிப்போட்ட இரண்டு நூல்கள்.

எங்கள் தொழிலில் ஒரு சொல் உண்டு: 'இனந்தெரியாதோர்'. ஊரே அறிந்த கொலையாளியையும் மறுநாட் காலைப் பத்திரிகையில் அச்சொல் மூடிநிற்கும். அதை எழுதியவர்கள் கோழைகள் அல்லர். 2000 ஒக்ரோபர் 19 இல் மயில்வாகனம் நிமலராஜன் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். 2006 மே 2 இல் உதயன் அலுவலகத்துக்குள் புகுந்தவர்கள் ஊழியர் இருவரைச் சுட்டுக்கொன்றனர். அந்த ஓகஸ்டில் ஏ9 வீதியும் மூடப்பட்டது. அதன்பின் வன்னி, குடாநாட்டிலிருந்த எங்களுக்கு வானொலிச் செய்தியாகவும் இரவில் கேட்கும் ஷெல் ஓசையாகவும் சுருங்கிப்போயிற்று. அந்த இருட்டுக்குள் என்ன நடந்தது என்பதை இந்த இரண்டு நூல்களும் சொல்கின்றன. எனது தயக்கத்துக்குக் காரணமும் அதுவே.

தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்', அவர் 2015 ஒக்ரோபரில் புற்றுநோயால் மறைந்த பின், 2016 இல் வெளிவந்தது. விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியற்றுறைக்குப் பொறுப்பாயிருந்தவர், தாம் சார்ந்திருந்த இயக்கத்தின் முடிவுகளையே கேள்விக்குட்படுத்துகிறார். இடைச்செருகல் உண்டு என்று அப்போது பெரும் சர்ச்சை எழுந்தது. முப்பது ஆண்டுகளாகப் பிறர் எழுத்தைச் செம்மைப்படுத்தி வருபவன் என்ற முறையில் எனக்குப் படுவது இது: நூல் நெடுகிலும் ஒலிப்பது ஒரே குரல். யாரையும் திருப்திப்படுத்தும் அவசரம் அக்குரலில் இல்லை. இரு தரப்பாரும் அவர்மேல் சினங்கொண்டதற்கு அதுவும் காரணமாயிருக்கலாம்.

சயந்தனின் 'ஆதிரை' (2015) நான்கிலும் என்னை அதிகம் அலைக்கழித்தது. இனக்கலவரங்களால் துரத்தப்பட்டு மலையகத்திலிருந்து வன்னிக் காட்டோரம் வந்து குடியேறியவர்களை அது மையத்துக்குக் கொண்டுவருகிறது. காடு வெட்டிக் கழனியாக்கிய அம்மக்களை யாழ்ப்பாணத்தார் 'தோட்டக்காட்டார்' என்று அழைத்ததை மறைக்க முடியாது. போர் கேட்ட பிள்ளைகளை யார் கொடுத்தார்கள், யார் கொழும்புக்கும் கனடாவுக்கும் அனுப்பிவைத்தார்கள் என்ற கேள்வி நாவல் முழுவதும் ஓடுகிறது. டானியல் ஊர்க் கிணற்றடியில் வைத்துக் கேட்டதையே இவர் பதுங்குகுழியில் வைத்துக் கேட்கிறார் என்று தோன்றிற்று. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தது தற்செயல்தான்.

நூலை எங்கள் அலுவலகத்தின் இளம் நிருபர் ஒருவருக்குக் கொடுத்தேன். இறுதிப் போர் நடந்தபோது அவர் ஆரம்பப் பள்ளி மாணவர். பழைய பத்திரிகைக் கோப்புகளையும் கூடவே புரட்டியிருக்கிறார் போலும்.

"ஐயா, ஏன் எல்லா இடத்திலயும் இனந்தெரியாதோர் எண்டே இருக்கு? ஒருத்தருக்கும் உண்மையா தெரியாதோ?" என்று கேட்டார்.

"தெரியும்" என்றேன்.

அவர் மேலும் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. நூல் இன்னும் அவரிடமே இருக்கிறது.

அடுத்து வாசிக்க எடுத்து வைத்திருப்பது ஷோபாசக்தியின் 'இச்சா'. அதைப் பற்றிப் பின்னர் எழுதுகிறேன்.