ரேடியேட்டரும் போர் தண்ணீரும்

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தண்ணீரைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1944-இல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கம் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தத் தண்ணீர் சென்னைக்குப் போகிறது. எங்கள் தெருவில் போர் தண்ணீர்தான். பக்கெட்டின் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்து, சுரண்டினாலும் போகாத அந்த உப்புதான் இன்றைய கட்டுரையின் வில்லன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அங்கே இயந்திரங்களைக் குளிர்விக்கும் தண்ணீரை உப்பு நீக்காமல் உள்ளே விடமாட்டோம். உப்பு படிந்தால் உலோகத்தின் சூடு தண்ணீருக்கு இறங்காது. கார் எஞ்சினுக்கும் இதே நியாயம்தான். எரிகிற டீசலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெறும் சூடாகக் குளிர்விக்கும் நீருக்குள் போகிறது. அதை வெளியே தள்ளத்தான் ரேடியேட்டர், வாட்டர் பம்ப், பேன், தெர்மோஸ்டாட் எல்லாம்.

எங்கள் தெருவில் ஒரு தம்பி வாடகைக் கார் ஓட்டுகிறார். கடன் போட்டு வாங்கிய பழைய டீசல் கார். போன கோடையில் வண்டி அடிக்கடி சூடேறியது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டியதற்கு, "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு, எஞ்சினைப் பிரிக்கணும்" என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் கேட்ட தொகை அவருக்கு மூன்று மாதத் தவணை. "சார், வண்டியை வித்துடலாமான்னு பார்க்கிறேன்" என்றார். அவர் மனைவி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"எப்போ தம்பி சூடேறுது? ஓடும்போதா, நிற்கும்போதா?" என்று கேட்டேன்.

"கும்மிடிப்பூண்டி ரோட்ல வேகமா போனா ஒண்ணும் இல்ல சார். செங்குன்றம் நெரிசல்ல மாட்டினா முள்ளு மேல போயிடுது."

பாதி விடை அதிலேயே இருந்தது. வண்டி ஓடும்போது எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நின்றால் பேன்தான் காற்றை இழுக்க வேண்டும். ஆகவே நின்றால் மட்டும் சூடேறினால் முதலில் பேனைப் பாருங்கள். வேகமாகப் போகும்போது சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பு, திறக்காத தெர்மோஸ்டாட், தேய்ந்த பம்ப் ஆகியவற்றைப் பாருங்கள். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமல் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தால்தான் ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகம் வர வேண்டும்.

மறுநாள் காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து பார்த்தோம். ஸ்டார்ட் செய்தபின் விடாமல் குமிழி வரவில்லை. ஆயில் பாலாடை போல வெளுக்கவில்லை. சைலன்சரில் வெள்ளைப் புகை இல்லை. மூடியைப் போட்டு, முள் ஏறும்வரை ஓடவிட்டோம். பேன் சுற்றவே இல்லை. ரேடியேட்டரில் இருக்கும் பேன் சுவிட்சின் இரண்டு ஒயர்களைக் கழற்றி ஒன்றாகச் சேர்த்ததும் பேன் சர்ரென்று ஓடியது. மோட்டார் நன்றாக இருக்கிறது, சுவிட்ச்தான் செத்துவிட்டது. சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது.

ஆனால் வடித்த தண்ணீர் செங்கல் நிறத்தில் வந்தது. வருடக்கணக்காகப் போர் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார். அந்தக் கால அம்பாசடரின் பித்தளை ரேடியேட்டர் என்றால், தொட்டியைப் பிரித்து, குழாய்களில் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்து, மறுபடி ஈயம் வைத்து ஒட்டிவிடுவார்கள். 1998-இல் பக்கத்து அதிகத்தூர் ஆலையில் மிட்சுபிஷி லான்சர் தயாராகத் தொடங்கிய காலத்துக்குப் பிறகு வந்த கார்களில் பெரும்பாலும் அலுமினியக் குழாய், பிளாஸ்டிக் தொட்டி. அடைத்தால் மாற்ற வேண்டியதுதான். நல்லவேளை, இவருடையது பலமுறை அலசியதில் தேறியது. கூலண்டையும் உப்பு நீக்கிய தண்ணீரையும் சரிபாதி கலந்து ஊற்றினோம். கூலண்ட் துரு பிடிக்காமல் காக்கும், கொதிநிலையையும் உயர்த்தும்.

சொல்லியே ஆகவேண்டியது ஒன்று. சூடான எஞ்சினின் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். மூடி தரும் அழுத்தத்தால் உள்ளே தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி லேசாகத் தளர்ந்தாலே அது ஆவியாகி முகத்தில் அடிக்கும். ஈரத்துணி போட்டுத் திறப்பதெல்லாம் பாதுகாப்பு ஆகாது. முள் சிவப்பைத் தொட்டால் ஏசியை நிறுத்தி, ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, அரைமணி நேரமாவது பொறுங்கள். கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

வடித்த பழைய கூலண்டைத் தெருவில் கொட்ட வேண்டாம். எத்திலீன் கிளைகால் இனிக்கும், ஆனால் விஷம். நாயும் பூனையும் நக்கிப் பார்க்கும். குழந்தைகளும் இருக்கிறார்கள்.

தம்பியின் வண்டி இந்தக் கோடையிலும் ஓடுகிறது. டிக்கியில் எப்போதும் ஒரு கேன் கலந்த கூலண்ட் வைத்திருக்கிறார். உங்கள் வண்டியில் கடைசியாக எப்போது கூலண்ட் மாற்றினீர்கள்? நினைவில்லை என்றால், நாளைக் காலை எஞ்சின் ஆறியிருக்கும்போது ஒருமுறை திறந்து நிறத்தைப் பாருங்கள்.