நாடிக் கட்டு

2022 நோன்பு மாதம். மத்ரஸாப் படியில் தடுக்கி விழுந்த பேரனுக்கு நாடியில் வெட்டு. அருகிலிருந்த ஆஸ்பத்திரியில் நாலு தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரவு கஞ்சி குடிக்கும்போது, "மூத்தாப்பா, பல்லு முட்டுதில்ல" என்றான். வாயைத் திறக்கச் சொன்னேன். நாடி இடப்பக்கம் கோணிக்கொண்டு போயிற்று.

அந்தக் கோணலை நான் முன்னமே கண்டிருக்கிறேன்.

மாமரத்திலிருந்து விழுந்தபோது ராத்தாவுக்கு எட்டு வயது. பரிசாரியார் எண்ணெய் பூசி, நாடியிலிருந்து உச்சிவரை சீலைத் துண்டால் இறுகக் கட்டினார். முறிந்த எலும்பு அசையக்கூடாது. கைகாலுக்கு அந்த நியாயம் சரிதான். நாற்பதாம் நாள் கட்டை அவிழ்த்தபோது வாய் ஒரு விரலளவுதான் திறந்தது. பிறகு அதுவுமில்லை. கீழ்த்தாடை வளரவேயில்லை. முன்பல் விழுந்த சந்தால் சோற்றைக் குழைத்து உள்ளே தள்ளுவா. பெண் பார்க்க வந்தவர்கள் சர்பத்தைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். ராத்தா மௌத்தான அன்று வழமைப்படி நாடியைக் கட்டச் சீலை கொண்டுவந்தார்கள். "இவக்கு இது தேவையா?" என்று யாரோ மெல்லக் கேட்டது என் காதிலும் விழுந்தது.

விடிந்ததும் பெற்றோல் வரிசைகளைக் கடந்து ஓட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். தாடை முழுவதையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். காதுக்கு முன்னால், தாடை மண்டையோட்டோடு பொருந்தும் குமிழின் கழுத்தில் முறிவு. நாடியில் விழுந்த அடி மேலேறி அங்கே உடைப்பதுண்டாம். நாடி வெட்டோடு வரும் பிள்ளைக்குப் பல் பொருந்துகிறதா என்று பார்க்க எவ்வளவு நேரம் எடுக்கும்?

"பிளேட் வைப்போம் டொக்டர், செலவப் பத்திப் பரவாயில்ல" என்றார் மருமகன். தாடை வளர்கிற இடமே அதுதான், அங்கே கத்தி வைப்பதைவிட விட்டுவைத்தால் இந்த வயதில் எலும்பு தன்னைத்தானே பெரும்பாலும் திருத்திக்கொள்ளும் என்றார் அந்த இளம் டொக்டர்.

"அப்ப கட்டி விடுவீங்களா?" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"கட்டினாத்தான் பயம், ஐயா. மூட்டுக்குள்ள இரத்தம் கசிஞ்சிருக்கும். நீண்ட நாள் அசையாம வைச்சா எலும்போட எலும்பு ஒட்டிப்போகும். நோவு குறைஞ்சதும் திறந்து மூடிப் பழக்குங்க."

அந்த வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். குழைந்த சோறும் கஞ்சியும் மகளின் பொறுப்பு. கண்ணாடி முன் இருத்தி, நாடி நேராக வருகிறதா என்று பார்த்து, ஐஸ்பழக் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே வைப்பேன். முதல் நாள் எட்டு. அவன் அழுதான், "விடுங்க வாப்பா" என்று மகளும் அழுதாள். நான் விடவில்லை. இரக்கமற்ற கிழவன் என்று வீட்டில் பெயரெடுத்தேன். ஆறாம் வாரம் பத்தொன்பது குச்சிகள்.

பரிசாரியாரையோ உம்மாவையோ குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கட்டை ஒவ்வொரு காலையும் அவிழ்ந்துவிடாமல் இறுக்கியது உம்மாதான், அவ்வளவு பாசத்தோடு.

முகம் ஒருபக்கம் பின்தங்குகிறதா என்று பார்க்க, வளர்ச்சி முடியும்வரை கிளினிக் போகவேண்டுமாம். போய்வருகிறோம். போகும்போதெல்லாம் குச்சிக்கட்டை என் ஜிப்பாப் பையில் அவனே எடுத்து வைத்துவிடுகிறான்.