சுவரைக் கழுவும் இயற்பியல்

காந்திநகர் மாவட்டத்தின் பாட் கிராமத்தில் இருக்கிறது பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம். சூரியனுக்குள் நடக்கும் அணுப்பிணைவை மனிதன் வசப்படுத்துவதற்கான ஆய்வு என்பதால், ஆதித்யா எந்திரம் நிற்கும் கூடத்துக்குள் நுழையும்போது மனம் நெருப்பைத் தேடியது. காதில் விழுந்ததோ வெற்றிடப் பம்புகளின் இரைச்சல். எங்களை அழைத்துப்போன மூத்த ஆராய்ச்சியாளர் முதலில் காட்டியதும் அந்தப் பம்புகளைத்தான். இள வயதில் இங்கே சேர்ந்து, தலை நரைக்கும் வரை இதே எந்திரத்தோடு வாழ்ந்தவர் அவர்.

ஆதித்யா ஒரு டோக்காமாக். உளுந்துவடை வடிவில் ஓர் உலோகக் கலம்; அதைச் சுற்றி 20 செப்புச் சுருள்கள். சுருள்களின் காந்தப்புலம் கலத்துக்குள் உள்ள பிளாஸ்மாவை, அதாவது மின்னூட்டம் பெற்ற சூடான வாயுவை, சுவரில் படாமல் பிடித்து வைக்கிறது. எந்தப் பாத்திரமும் தாங்காத வெப்பத்தைக் காந்தத்தால் தாங்குவது என்பதே அடிப்படை யோசனை. ஆனால் பிடி முழுமையானதல்ல. கொஞ்சம் பிளாஸ்மா எப்போதும் கசிந்து சுவரைத் தொடும். சுவரில் ஒட்டியிருக்கும் நீராவியும் ஆக்சிஜனும் கார்பனும் அந்த அடியில் பெயர்ந்து உள்ளே வரும். வந்ததும் வெப்பத்தை ஒளியாகக் கதிர்த்துப் பிளாஸ்மாவைக் குளிர்வித்துவிடும்.

அதனால்தான் இங்கே உழைப்பின் பெரும்பகுதி சுவருக்குப் போகிறது. மணிக்கணக்கில் ஹைட்ரஜனில் மெல்லிய மின்னிறக்கம் ஓடவிட்டுச் சுவரைச் சுத்தம் செய்கிறார்கள். லித்தியம் பூசுவதும் உண்டு. கசிவு தேடுவது தனிக் கலை. கலத்தின் வெளியே ஒவ்வொரு இணைப்பிலும் ஹீலியத்தை மெல்லப் பீய்ச்சுகிறார் ஒருவர். உள்ளே ஹீலியம் தென்படுகிறதா என்று இன்னொருவர் கருவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மயிரிழையினும் மெல்லிய பிளவு இருந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். பல்கலைக்கழகப் பாடத்தில் இந்தப் பொறுமைக்கு ஒரு பக்கம்கூட ஒதுக்குவதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

சோதனை ஓட்டத்தை ‘ஷாட்’ என்கிறார்கள். சில எலெக்ட்ரான்கள் தறிகெட்ட வேகமெடுத்துச் சுவரில் மோதினால் எக்ஸ் கதிர் பிறக்கும். ஆகவே ஷாட்டுக்கு முன் எல்லோரும் கூடத்தை விட்டு வெளியேற வேண்டும். கட்டுப்பாட்டு அறையில் எண்ணிக்கை இறங்குகிறது, வாயு செலுத்தப்படுகிறது, மின்னழுத்தம் ஏறுகிறது. லட்சம் ஆம்பியர் அளவில் மின்னோட்டம் பாய்ந்து, அரை நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. அதன் பிறகுதான் அறை சுறுசுறுப்பாகிறது. திரையில் விரிந்த கோடுகளை மாணவர்கள் சுற்றி நின்று வாசிக்கிறார்கள்: மின்னோட்டம் எங்கே சரிந்தது, ஹைட்ரஜன் ஒளி எப்போது ஏறியது, பிளாஸ்மா எந்தப் பக்கம் நகர்ந்தது. அடுத்த ஷாட்டுக்கு எதை மாற்றலாம் என்று உடனே பேச்சு.

கோடுகளை வாசிக்கும் இந்தத் திறமைதான் ஆதித்யாவின் பெரிய சாதனைக்கு அடித்தளம். எந்திரம் இயங்கத் தொடங்கியது 1989இல். பிளாஸ்மாவின் ஓரத்தில் நுண்ணிய ஆய்வுமுனைகளை வைத்து ஏற்ற இறக்கங்களை அளந்த இங்குள்ள குழு, 1992இல் ஒரு முடிவை வெளியிட்டது. ஓரத்தின் கொந்தளிப்பு சீரான இரைச்சலாக இல்லை. திடீர் திடீரென்று வெடிப்புகளாக எழுகிறது என்றது அது. உலகின் பெரிய எந்திரங்களிலும் இத்தகைய வெடிப்புகள் பின்னர் விரிவாக ஆராயப்பட்டன. முக்கால் மீட்டர் பெரு ஆரம் கொண்ட எந்திரத்தில், பொறுத்திருந்து அளந்தவர்களுக்குக் கிடைத்த பலன் இது. அளவீட்டுக்கு இந்தத் துறையில் எப்போதுமே அத்தனை மதிப்பு உண்டு. சோவியத் ஒன்றியத்தின் டி-3 டோக்காமாக் எட்டிய வெப்பநிலையை மற்ற நாடுகள் நம்பத் தயங்கின. 1969இல் பிரிட்டன் குழு ஒன்று மாஸ்கோவுக்கே லேசரைக் கொண்டுபோய் அளந்து காட்டிய பிறகுதான் உலகம் டோக்காமாக்கின் பக்கம் திரும்பியது.

நிறுவனத்தைக் கட்டியெழுப்பிய பிரதிமன் கிருஷ்ண காவ் அடிப்படையில் கோட்பாட்டாளர். பதின்ம வயதிலேயே முனைவர் பட்டம் பெற்று, பிரின்ஸ்டனில் பணியாற்றிவிட்டு நாடு திரும்பியவர். தாளில் சமன்பாடு எழுதிய அவர் வெல்டிங், வெற்றிடம், மின்வழங்கி எல்லாவற்றையும் இங்கேயே செய்யும் ஆட்களை உருவாக்க முனைந்தார். 2017இல் அவர் மறைந்தார். அதற்குச் சற்று முன்புதான் ஆதித்யா முழுதாகப் பிரிக்கப்பட்டு, சதுர வெட்டுமுகக் கலத்துக்குப் பதில் வட்ட வெட்டுமுகக் கலம் பொருத்தப்பட்டு, மேம்பட்ட வடிவில் மீண்டும் இயங்கத் தொடங்கியிருந்தது. அந்தப் பழைய சுருள்களைக் கழற்றி மறுபடி கோத்ததைப் பற்றி மூத்தவர் சொல்லும்போது அவர் குரலில் பெருமிதம் இருந்தது.

பல நாடுகள் சேர்ந்து பிரான்சில் எழுப்பும் ஈட்டர் என்ற பெரிய டோக்காமாக்கின் 3,800 டன் குளிர்காப்புக் கலத்தைக் கொடுத்தது இந்தியா. பிணைவுக்கான எரிபொருளான டியூட்டீரியமும் டிரிடியமும் அங்கே எரிவதற்கு இப்போதைய திட்டப்படி 2039 ஆகும். மூத்தவர் ஓய்வு பெற்று வெகுநாள் ஆகியிருக்கும் காலம். மின்சாரம் எப்போது வரும் என்று மட்டும் கேட்பவர்கள் இந்த உழைப்பைப் பார்க்கவே தவறுகிறார்கள் என்று நினைக்கிறேன். மூத்தவர் தன் வாழ்க்கையை ஷாட்டுகளால் கணக்கிடுகிறார். எந்தக் கேள்விக்கு எந்த ஷாட் பதில் சொன்னது என்பது அவர் நினைவில் இருக்கிறது.

நாங்கள் விடைபெறும் நேரத்தில் ஒரு மாணவி, ஆய்வுமுனையை இன்னும் சில மில்லிமீட்டர் உள்ளே தள்ளலாமா என்று கேட்டார். முனை உருகினால் அந்த உலோகமே பிளாஸ்மாவைக் கெடுத்துவிடும் என்றார் மூத்தவர். முனையை விரைவாக உள்ளே செலுத்தி உடனே இழுத்துவிட்டால் என்ன என்றார் மாணவி. மூத்தவர் ஒரு தாளை இழுத்து, எத்தனை மில்லிநொடி தாங்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்தார்.